கல்கத்தாவுக்கு ஒரு ஃபேக்ஸ்

"நீங்க இன்னா வேணா சொல்லுங்க சார், அந்தப் பையன் கல்கத்தாவுல ஒரு சீசன்கூடத் தாங்க மாட்டான்."

சொன்னவர் அஹமது பாஷா. ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் மாவட்டத்தில் எங்கே ஃபுட்பால் மேட்ச் நடந்தாலும் ரெஃப்ரீயாக விசிலோடு போய் நிற்பார். எதிரே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நத்தானியேல், வேலூரில் ஒரு கல்லூரியின் ஃபுட்பால் கோச்.

பல்கலைக்கழகப் போட்டியில் அவருடைய டீம் பையன் ஷாஜினின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கல்கத்தாவின் பெரிய கிளப் ஒன்று கடிதம் எழுதியிருந்தது. கோச் கையெழுத்துப் போட்டு உறுதி சொன்னால் மூன்று வருடக் காண்ட்ராக்ட். பையன் சொதப்பினால் கோச்சின் பெயர் கெடும், அந்தக் கல்லூரிப் பக்கமே கிளப் இனி திரும்பாது. பதில் இன்று மாலை ஆறு மணிக்குள் ஃபேக்ஸில் போக வேண்டும். மணி ஐந்து ஆகியிருந்தது.

"லெஃப்ட் விங்ல அவனை மாதிரி ஒருத்தன் நம்ம ஜில்லாவுலயே இல்ல பாய்."

"கால்ல குறை சொல்லல சார். மண்டையிலதான். எவனாவது அவன்கிட்டேர்ந்து பந்தைப் புடுங்கிட்டா மேட்சையே மறந்துடுறான். அவன் பின்னாடியே கிரவுண்டு பூரா சுத்துறான். திருப்பத்தூர் மேட்ச்ல பாத்தோமே."

அதுதான் நத்தானியேலுக்கும் பயம்.

"அது பிடிவாதம் அங்கிள். பெரிய கிளப்புக்கு அதுதானே வேணும்?"

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மிக்சர் தட்டோடு நின்றிருந்தாள் ஜெஸி, நத்தானியேலின் ஒரே மகள். பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். டி.வி.யில் ஃபுட்பால் ஓடினால் எழுந்து போய்விடுகிறவள்.

பாஷா சிரித்தார். "பிடிவாதம் இருந்தா போதுமாம்மா? மூச்சு பத்தலியே. ரெண்டாவது பாதியில படுத்துடுறான்."

"மூச்செல்லாம் பத்தும் அங்கிள். தோட்டப்பாளையத்துலேர்ந்து பாகாயம் வரைக்கும் பஸ்ஸுக்குச் சமமா ஓடுவான். மழை பெஞ்சாலும் ஓடுவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் நத்தானியேல்.

"பஸ்ஸுல போறப்ப பாத்திருக்கேன்பா."

நத்தானியேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீமில் இருக்கும் பையன்கள் எல்லாரும் அவளுக்கு அண்ணன்தான். போன வருடம் வரை இந்த ஷாஜினும் 'ஷாஜின் அண்ணா'தான். அண்ணா எப்போது போனது, 'ஓடுவான்' எப்போது வந்தது?

பாஷா விடவில்லை. "கல்கத்தா கிளப்புல காலைல அஞ்சு மணிக்கு பிராக்டிஸ். ஒரு நாள் லேட்டானா வெளிய அனுப்பிடுவாங்கமா."

"லேட்டே ஆக மாட்டான் அங்கிள். எட்டு மணின்னா எட்டு மணிக்கு நிப்பான். ஒரு நாளும் தவற மாட்டான்." மிக்சர் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அப்பா பக்கம் திரும்பினாள். "அனுப்பிடுங்கப்பா. ப்ளீஸ்."

நத்தானியேல் மகளைப் பார்த்தார். கொஞ்ச நாளாக அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. டெலிபோன் மணி அடித்தால் திடுக்கிடுகிறாள். இரண்டையும் முடிச்சுப் போட்டதில் அவருக்கு எல்லாம் விளங்கிப்போனது. கிளப்பில் வேலை கிடைத்ததும் பெண் கேட்டு வருவதாகத் திட்டம் போலிருக்கிறது.

வரட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டார். மூன்று வருடம் அவன் கல்கத்தாவில் கிடக்க வேண்டும். அதற்குள் இவளுக்கு ஒரு நல்ல இடம் பார்த்துவிடலாம். அனுப்பாமல் விட்டால்தான் ஆபத்து, பையன் இங்கேயே சுற்றிக்கொண்டிருப்பான்.

"பேப்பரைக் கொடுங்க பாய்."

"யோசிச்சுதான் செய்றீங்களா சார்? இவன் அங்க ஃபெயிலானா உங்க பேரு கெட்டுடும்."

"கெட்டா கெடட்டும்."

'என் முழுப் பொறுப்பில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு கையெழுத்தை அவர் போட்டதில்லை. பாஷா தலையை ஆட்டியபடி காகிதத்தோடு டி.வி.எஸ். வண்டியைக் கிளப்பினார்.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் உட்காரவில்லை. ஜெஸி ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்தாள். மகள் இப்படித் தவிப்பதைப் பார்க்கப் பார்க்க நத்தானியேலுக்கு மனசு கசந்தது. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்த மனைவி ஜெயசீலி, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

ஏழு மணிக்கு போன் வந்தது. எடுத்தவர் நத்தானியேல்.

"ஃபேக்ஸ் போய்டுச்சு சார். அங்கேர்ந்து பதிலும் வந்துடுச்சு. வெள்ளிக்கிழமை ரயில் ஏறச் சொல்றாங்க. பையன் வீட்டுக்கும் சொல்லிட்டேன்."

"வெள்ளிக்கிழமை கிளம்புறான்" என்றார் நத்தானியேல், மகளின் முகத்தைப் பார்த்தபடியே.

அவள் நேராக அடுப்படிக்குள் போனாள். அடுத்த நிமிடம் தேம்பி அழும் சத்தம் கேட்டது. ஒரு வாரம் அழுவாள், அப்புறம் சரியாகிவிடும் என்று நத்தானியேல் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, கதவு ஓரமாக வந்து நின்றார்.

"இன்னாடி ஆச்சு? எதுக்கு அழுவுற?" ஜெயசீலி பதறினாள்.

"எட்டு மாசம்மா. தெனமும் அந்த ஷாஜின் பஸ் ஸ்டாப்லேர்ந்து காலேஜ் கேட் வரைக்கும் பின்னாடியே வந்தான். போன் பண்ணிப் பண்ணி மெரட்டினான். வெள்ளிக்கிழமையோட தொல்லை விட்டுது."

"ஐயோ, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா அவனையா நிறுத்தியிருப்பாரு? என் படிப்பைத்தானேம்மா நிறுத்தியிருப்பாரு."