இரண்டு கட்டங்கள்

வணிகக் கூட்டமைப்பிலிருந்து நாடு விலகியது. பக்கத்து நாட்டு எல்லையிலிருந்த வாய்க்கால் பாலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலை பாலத்தின் நடுவில் ஒரு மேசை வந்தது, மேசைக்குப் பின்னால் சுங்க அதிகாரி மதலைமுத்து வந்தார். அவரிடமிருந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்: 'போகிறார்', 'வருகிறார்'.

முதல் ஆளாக வந்தவள் செங்கமலம். வீடு இந்தப் பக்கம். புருஷன் வேலை பார்க்கும் செங்கல் சூளை அந்தப் பக்கம். கையில் அவனுக்கான சோற்றுத் தூக்கு.

"போறீங்களா, வர்றீங்களா?"

"போயிட்டு வரேன் சார்."

மதலைமுத்து இரண்டு கட்டத்திலும் டிக் போட்டார். மாதம் முழுக்க அப்படித்தான் போட்டார். 'போறேன்' என்று மொட்டையாகச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வராது.

மாதக் கடைசியில் தலைமை அலுவலகம் படிவங்களைக் கட்டோடு திருப்பி அனுப்பியது. இரண்டு டிக் செல்லாது. நாளையிலிருந்து பாலத்தைத் தாண்டுகிறவர்கள் ஏதாவது ஒரு பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

மறுநாள் செங்கமலம் தூக்கோடு ஒரு தகரப்பெட்டியும் கொண்டுவந்தாள். அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"போறேன் சார்."

மதலைமுத்துவின் பேனா நின்றது. "அப்படிச் சொல்லக்கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லுங்க."

"சொல்லலாம் சார்." அவள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "அப்படிச் சொன்னா எதுல டிக் போடுவீங்க?"