நாலாவது பட்டன்

ரெபேக்காளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வீட்டு ரேடியோ அவளைப் பொறுத்தவரை தூசி தட்டவேண்டிய ஒரு பெட்டி, அவ்வளவுதான். ஞாயிறு மாலையானால் கணவர் தேவசகாயம் அதன்முன் உட்கார்ந்து கண்ணை மூடித் தலையாட்டுவார்; அவள் பக்கத்தில் கீரை ஆய்வாள்.

பழையது உயிரை விட்டதும் மகள் கிரேனாப் புதிதாக ஒன்று வாங்கி வந்தாள். அம்மா உதட்டைப் படிக்கும்படி நிதானமாகச் சொன்னாள்: "நாலாவது பட்டன்ல அப்பா கேக்குற ஸ்டேஷன வச்சிருக்கேன். அமுக்குனா போதும். என்ன பாட்டுன்னு இந்தக் கண்ணாடில எழுத்து ஓடும், நீங்களும் பாக்கலாம்மா."

அந்த ஞாயிறு ரெபேக்காளே அமுக்கினாள். கண்ணாடிக்குள் ஆங்கில எழுத்தில் தமிழ் ஊர்ந்து வந்தது. பேனாவுமில்லை, கையுமில்லை, வெறுங்காற்றில் வருகிற எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். நேயர் விருப்பம். விரும்பிக் கேட்பவர் தேவசகாயம். மனைவி ரெபேக்காளுக்காக.

கீரை மடியிலிருந்து சரிந்தது. அவள் பெயர் ஓரத்தில் போய் மறைந்து, மறுபடி முதலிலிருந்து வந்தது. கணவரின் தோளைத் தட்டி, எத்தனை வருஷமாக என்று கையசைவில் கேட்டாள்.

அவர் கூச்சத்தோடு ஒவ்வொரு விரலாக மடக்கினார். பத்தும் தீர்ந்தன. கைகளை விரித்துவிட்டு, மறுபடி முதல் விரலை மடக்கினார்.