எட்டாம் நாள் எண்ணெய்

"இன்னாக்கா இது? நேத்து சாயந்தரம் பளிச்சுனு வுட்டுட்டுப் போனேன். மறுபடியும் எண்ணெ ஊறிக்கினு கீது!"

கார் ஷெட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த தீனா, உள்ளங்கைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்தான். மற்ற இடமெல்லாம் சிமெண்ட் உடனே குடித்துவிட்டது. நடுவில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு மட்டும் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அடியில் எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் இருந்தால் மேலே பூசுகிற எபாக்சி பெயிண்ட் ஒட்டாது. இரண்டே மாதத்தில் அப்பளம் மாதிரி உரிந்து வந்துவிடும்.

"அதுக்கென்ன தம்பி, இன்னொரு தடவ மெஷினால தரைய அரைச்சாப் போச்சு. மொதல்ல காப்பியக் குடி" என்றாள் வீட்டுக்கார அம்மாள் தங்கபுஷ்பம்.

மாடிப்படியில் நின்ற அவள் கணவர் ஆசீர்வாதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாள் வேலை என்று சொல்லி வந்தவன். இன்று எட்டாம் நாள். புதுக் காரோ திருவொற்றியூர் தெருவில் நின்று காக்கை எச்சம் வாங்கிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, எட்டு நாளா ஒரே எடத்த அரைச்சிட்டிருக்கியே, பாதாளத்துக்கே போயிருவ போலுக்கே?"

தீனா தலையைச் சொறிந்தான். "எனக்கும் பேஜாராத்தான் கீது அண்ணாச்சி. நான் கடலுக்குப் போற போட்டு காசிமேட்டுக் கரைல நிக்குது. மீன்புடி தடை முடிய இன்னும் அஞ்சு நாளு. அதுவரிக்கும் இந்த மெஷின் வேலதான் பொழப்பு. அதுக்குன்னு உங்க துட்ட சும்மா துன்ன முடியுமா? வேல செய்யாத துட்டு, எண்ணெ மேல பூசுன பெயிண்டு மாரி. ஒட்டாது. இன்னிக்குக் கூலி வாணாம்க்கா."

"அரைக்கப் போறியா இல்லியா? அரைச்சதுக்குக் கூலி உண்டு" என்று தங்கபுஷ்பம் ஒரே போடாகப் போட்டாள்.

பேத்தி ஜூடி காதைப் பொத்திக்கொண்டு மெஷினை வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். "தூசிடா பாப்பா" என்று அவளை ஒரு கையால் அள்ளி, படிமேல் உட்கார வைத்துவிட்டு தீனா வேலையைத் தொடங்கினான்.

எண்ணெய் எடுக்கிற மருந்து ஊற்றினான், பிரஷ் போட்டுத் தேய்த்தான், கழுவிக் காயவிட்டு மறுபடி அரைத்தான், கடைசியில் தூசியை உறிஞ்சி எடுத்தான். சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் பார்த்தால், முழுத் தரையும் குடித்தது.

"இத்தோட கடைசிக்கா. நாளைக்கும் அதே எடத்துல எண்ணெ வந்துச்சுனா எனக்கு இந்த வேல தெர்லனு அர்த்தம். வேற ஆள வெச்சுக்கோங்க. வாங்குன கூலியையும் திருப்பிக் குடுத்துர்றேன்."

சொல்லிவிட்டு, ஷட்டரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனான்.

"நல்ல நடிகன்!" என்றார் ஆசீர்வாதம், ராத்திரி இட்லியைப் பிட்டபடி. "சாவி அவங்கிட்டதான கெடக்கு? அவனே எண்ணெய ஊத்திட்டுப் போறானோ என்னவோ. தடை முடியிற வரைக்கும் கூலி ஓடணும்லா?"

"சும்மா கெடங்க. யாரையும் அப்படிச் சொல்லாதிய" என்றாள் தங்கபுஷ்பம். சட்னி கேட்டதற்குச் சாம்பாரை ஊற்றினாள்.

ஆசீர்வாதம் விடுவாரா? சாத்தாங்காட்டில் முப்பது வருஷமாக இரும்புக் கடை வைத்திருப்பவர். கம்பியில் நூறு கிராம் குறைந்தாலும் கண்ணாலேயே பிடித்துவிடுவார். விடிய ஐந்தரைக்கே எழுந்து ஷெட்டுக்குப் போய், சுருட்டி வைத்த தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது. தெருப்பக்கத்து ஷட்டர் அல்ல, வீட்டுப்பக்கத்துக் கதவு. வந்தவள் தங்கபுஷ்பம். ஒரு கையில் பழைய துணி. மறு கையில் ஒரு பாட்டில் மூடி நிறையக் கருப்பு எண்ணெய். அவருடைய ஸ்கூட்டரில் இருந்து வடித்து வைத்ததுதான்.

"ஏட்டி! நீயா?"

அவள் திடுக்கிட்டாள். ஆனால் மூடியில் இருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"இன்னும் நாலு நாள்தாங்க. தடை முடிஞ்சி அவன் கடலுக்குப் போயிட்டான்னா நிறுத்திருவேன்."

"கிறுக்கா புடிச்சிருக்கு? குடுக்கணும்னா கையில குடுக்கவேண்டியதான?"

"வாங்க மாட்டான். ஒருக்க குடுத்துப் பாத்துட்டேன்."

"எப்ப?"

அவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு தோளுயரத்தில் இன்னும் இருந்தது.

"நீங்க நாசரேத்துக் கல்யாணத்துல மாட்டிக்கிட்டியளே, அன்னிக்கு. இந்தத் தண்ணிக்குள்ள நம்ம ஜூடியத் தலைக்கு மேல தூக்கிட்டு நடந்து போட்டுல ஏத்துனவன் இவந்தான். வளையலக் கழத்திக் குடுத்தேன். 'உசுருக்குத் துட்டு வாங்குனா கடலு எங்கள வுடாதுக்கா'ன்னு சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டான். எத்தன வீடோ, அவனுக்கு என்னைய ஞாபகமே இல்ல. எனக்கு மறக்குமா?"

ஆசீர்வாதம் நேற்று இட்லி வாயோடு சொன்னதை நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, மனைவி கையில் இருந்த மூடியை வாங்கினார்.

"அதே எடத்துல ஊத்தாதட்டி. அவன் கூலியத் திருப்பிக் குடுத்துட்டுப் போயிருவான்" என்றவர், தூண் பக்கமாகப் போய்க் குனிந்தார். "இந்தப் புது எடத்துல ஊத்துனா நாலு நாளு வேலைக்குத் தாங்கும்."