ரெண்டு கதவு வண்டி

"செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க தம்பி. நம்ம வண்டியில யாரா இருந்தாலும் அப்படித்தான்" என்றார் எட்வின்.

வினோத் மறுபேச்சில்லாமல் கழற்றினான். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் நின்ற அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். மொத்தமே ரெண்டு கதவு. கூரை பின்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"ஓனர் நீங்கதானா சார்?"

"பின்ன? பாத்தா தெரியலயா?" என்று சிரித்தார் எட்வின்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் ஓட்டிப் பாக்கலாமா?"

"தாராளமா."

வினோத் விற்பனை விளம்பரம் பார்த்து வந்தவன்தான், வாங்கத்தான் வரவில்லை. பொங்கலன்றைக்கு மாமனார் வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கப்போறேன்" என்று அளந்துவிட்டான். மாமனார் உக்கிரபாண்டி பட்டாளத்துக்காரர். தெரு முழுக்கத் தமுக்கடித்துவிட்டார். இன்றைக்கு அந்த வீட்டில் காதுகுத்து. முந்தின நாளே அங்கே போய்விட்ட மனைவி வெங்கடேஸ்வரியும் காரை நம்பி வாசலில் நிற்பாள்.

இன்றைக்கு ஒரு நாள் மானம் தப்பினால் போதும்.

இடது பக்கம் உட்கார்ந்த எட்வின், சீட்டைப் பின்னால் தள்ளுகிற லீவரைத் தடவித் தடவித் தேடினார். "இந்தப் பக்கம் உக்காந்து பழக்கமில்ல" என்றார்.

"பிக்கப் எப்படி சார்?"

"மிதிச்சுப் பாருங்க, முதுகு சீட்டோட ஒட்டிக்கிரும். ஆனா பின் கண்ணாடியில ரோடு பாதிதான் தெரியும். பள்ளத்துல விழுந்தா இடுப்பு வரைக்கும் கேக்கும். உள்ளதச் சொல்லிரணும்ல?"

முதல் வேகத்தடையிலேயே வண்டியின் அடிவயிறு கர்ரென்று தரையில் உரசியது. எட்வின் துடித்துப்போனார். "தாழ்வான வண்டி தம்பி, சாய்ச்சு ஏத்தணும். நீங்க இங்கன வாங்க, நான் ஓட்டுதேன்."

வினோத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. "சார், ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் எங்க மாமனார் வீடு. செத்த நேரம் காட்டிட்டுப் போயிருவமா?"

"வீட்டுல பாக்காம எப்படி வாங்குவீக? காட்டுங்க."

பந்தல் முன்னால் வண்டி நின்றது. எட்வின் சட்டென்று இறங்கிச் சுற்றி வந்து வினோத் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். கூட்டமே வாயைப் பிளந்தது.

"வாங்க மாப்ள!" உக்கிரபாண்டி மீசையைத் தடவிக்கொண்டு ஓடிவந்தார். "ஏலே, எல்லாரும் பாத்துக்கோங்கலே, என் மருமகன் வண்டிய!"

சகலை பாண்டிதுரை காரை ஒரு சுற்றுச் சுற்றினான். "ரெண்டே கதவுதானா? பொறவு பின்னால எப்படி ஏறுறது?"

வினோத் முழித்தான். எட்வின்தான் குனிந்து முன் சீட்டை மடக்கிக் காட்டினார். "இப்படி ஏறணும். பிள்ளைக உக்காரலாம். பெரியாளுக்கு முட்டி இடிக்கும்."

"மாப்ளைக்கு ஒண்ணும் தெரியல, டிரைவருக்கு அம்புட்டும் தெரியுதே!" என்று உக்கிரபாண்டி எட்வின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். 'இவர் டிரைவர் இல்லை' என்று சொல்ல வினோத் வாயெடுத்தான். சொன்னால் அடுத்த கேள்வி, 'பின்ன யாரு?' என்றுதான் வரும். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். எட்வின் அவனை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"டிரைவரு வண்டிகிட்டயே நிக்கட்டும். பிள்ளைக கீறிப்போடும். சோத்த அங்கன குடுத்து விடுங்கப்பா!" என்றார் உக்கிரபாண்டி.

உள்ளே தலைவாழை இலை போட்டு மருமகனுக்குக் கறி விழுந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தான். வெயிலில் நின்றபடி பேப்பர் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் எட்வின். குழம்பு வண்டியில் தெறித்துவிடாமல் தட்டைத் தள்ளிப் பிடித்திருந்தார்.

"பாவம்ங்க, நம்ம டிரைவரு நின்னுக்கிட்டே திங்காரு. உள்ள கூப்பிடுங்களேன்" என்றாள் வெங்கடேஸ்வரி.

"அவரு... அதெல்லாம் வரமாட்டாரு."

சொன்ன வாயில் புழுத்தான் விழும் என்று தோன்றியது. இலையைப் பாதியிலேயே மூடினான். அவசர வேலை என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டான்.

திரும்பும்போதும் எட்வின்தான் ஓட்டினார். ராஜபாளையம் நெருங்கும்போது வினோத்துக்கு அடக்க முடியவில்லை.

"சார், அந்தச் செருப்ப எடுத்து என்னை அடிங்க. நான் வாங்க வந்தவனே இல்ல. மாமனார் வீட்டுல பவுசு காட்ட வந்த பய. உங்க வண்டியில ஏறிக்கிட்டு, உங்களையே வெயில்ல நிக்க வச்சு, டிரைவர்னு சொல்லவிட்டு வேடிக்கை பாத்துட்டேன். சீ... நான்லாம் ஒரு மனுசனா?"

அழுதேவிட்டான். எட்வின் வண்டியை வேப்பமரத்தடியில் ஓரங்கட்டினார். தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அழாதீக தம்பி. காலையில நானும் உங்ககிட்ட ஒரு பொய்யச் சொல்லிட்டுத்தான் சாவியக் குடுத்தேன்."

"நீங்களா? என்ன பொய் சார்?"

"உங்க மாமனார் சரியாத்தான் கூப்பிட்டாக. நான் இந்த வண்டிக்கு டிரைவர்தான்."