யப்பான் அப்பா, சீன அம்மா

“ஹரோவிலை நீங்கள் இருக்கிற வீடு ஆற்றை பேரிலை இருக்கு, தம்பி?”

கிளின்ரன் வாயருகே கொண்டுபோன றோல்ஸைக் கடிக்காமல் நிறுத்தினான். பெண் பார்க்க வந்து உட்கார்ந்து தேநீர்கூட ஆறவில்லை. அதற்குள் பெண்ணின் தாய் றோஸ்மலர் காணி வாங்க வந்த ஆளைப்போல விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

“அம்மான்ரை பேரிலை, அன்ரி.”

“அப்ப அம்மா எப்ப உங்களுக்கு எழுதித் தருவா?”

பக்கத்தில் இருந்த அந்த அம்மா, அருமைநாயகியின் முகம் கறுத்தது.

றோஸ்மலரின் கணவர் ஞானரட்ணம் சிரித்துச் சமாளித்தார்.

“குறை நினையாதேங்கோ அக்கா. இவ முழுநாளும் சீன நாடகம் பாக்கிறவ. அதிலை வாற தாய்மாருக்கு மாப்பிளையிட்டை வீடு இருக்கோ, கார் இருக்கோ எண்டதுதான் முதல் கேள்வி. நான் யப்பான் நாடகம். அங்கை பிள்ளையள் தாங்களே பாத்துத் தெரிவு செய்யினம். தாய் தேப்பன் மூக்கை நுழைக்கிறேல்லை. மனம்தான் முக்கியம்.”

இந்தப் பேச்சைக் கேட்காத தமிழர் ஈஸ்ட் ஹாமில் குறைவு. கோயில் வாசலோ, மீன் கடையோ, நாலு பேர் கூடினால் போதும், ஞானரட்ணம் யப்பானுக்குப் போய்விடுவார். இப்படி ஒரு அப்பா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று மகள் மரினாவின் சிநேகிதிகள் சொல்வார்கள். அந்தத் தங்கமான மனுசனுக்கு வாய்த்த மனைவியைப் பாருங்கள்.

“யப்பான் நாடகம்,” என்று றோஸ்மலர் உதட்டைச் சுழித்தாள். “ரெண்டும் ஒண்டையொண்டு பாத்துக்கொண்டு சும்மா நிக்குங்கள். கதை முடியிற நேரம் தாய்க்காரி மகளிட்டை ஒரேயொரு கேள்வி கேப்பாள். ‘அவனோடை இருக்கேக்கை உனக்குச் சிரிப்பு வருதோ?’ எண்டு. சிரிப்பை வைச்சு மோட்கேஜ் கட்டேலுமோ?”

அருமைநாயகி பொறுமையாகத்தான் சொன்னாள். “எங்கடை வழக்கத்திலை பொம்பிளை பகுதிதானே தங்கச்சி வீடு வளவு குடுக்கிறது?”

“அது ஊர் வழக்கம். எனக்குச் சீன வழக்கம்தான் பிடிச்சிருக்கு. மாப்பிளை பகுதி குடுக்கவேணும். அது சரி, வீட்டை இவையின்ரை பேருக்கு மாத்தினாப்பிறகு நீங்கள் எங்கை போய் இருப்பியள் அக்கா? யோசிச்சு வைச்சிருக்கிறியளோ?”

றோல்ஸ் தட்டுக்குத் திரும்பியது.

ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். அன்று அது அந்த வரவேற்பறையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஞானரட்ணம் அவசரமாகக் குறுக்கே விழுந்தார். “இந்தக் கதையளை விடுவம். அக்கா ஆக்கள் ஊரிலை எங்கடை மாதா கோயில் பங்குதான், எல்லாம் விசாரிச்சுப்போட்டன். மிச்சம் பிள்ளையின்ரை விருப்பம். மரினா, தம்பியைப் பிடிச்சிருக்குத்தானே?”

சோபா ஓரத்தில் இருந்த மரினா நிமிர்ந்தாள். “அப்பா, நான்...”

“வெக்கப்படுறாள். பிடிச்சிருக்கு,” என்று அவரே சொல்லி முடித்தார்.

“காரும் அம்மான்ரை பேரிலையோ, தம்பி?” என்றாள் றோஸ்மலர்.

அருமைநாயகி எழுந்துவிட்டாள்.

“வா ராசா, போவம். நாங்கள் பொம்பிளை பாக்க வந்தனாங்கள். என்னை என்ரை வீட்டாலை எழுப்பிறதுக்கு ஆள் தேடி வரேல்லை.”

ஞானரட்ணம் செருப்பும் போடாமல் பின்னால் ஓடினார். கார் திரும்பி மறையும்வரை றோட்டில் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

“என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய். இனி எந்த மாப்பிளை இந்த வாசல்படி மிதிப்பான்? ஈஸ்ட் ஹாம் முழுக்கச் சிரிக்கப்போகுது.”

“சிரிக்கட்டும்.”

“உனக்குச் சொல்லி வேலையில்லை.”

அவர் படியேறிப் போனார். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து அவருடைய யப்பான் நாடகத்தின் பியானோச் சத்தம் கேட்டது.

றோஸ்மலர் குசினியில் மிஞ்சிய றோல்ஸை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மரினா வந்து வாசலில் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“அந்த அன்ரி பாவம் அம்மா. இப்பிடியோ கேக்கிறது?”

“பாவம்தான். நாளைக்கு ஃபோன் எடுத்து மன்னிப்புக் கேக்கிறன். எனக்கு வேறை வழி தெரியேல்லை.”

“என்ன வழி?”

“பக்கத்திலை பார்க்கிங் ரவுணிலை இருக்கிற அந்தப் பெடியனைப் பற்றி நீ அப்பாவிட்டைச் சொன்ன அண்டைக்கு நான் படியிலை நிண்டனான். யப்பான் நாடகத்தை நிப்பாட்டி வைச்சுப்போட்டெல்லோ உன்னை ஏசினவர். சைவப் பெடியனாம், வாடகை அறையிலை கிடக்கிறானாம், தான் கண்ணை மூடினாப்பிறகு கட்டட்டாம். யப்பானெல்லாம் ஊருக்கு உபதேசம்.”

மரினா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

“இந்தச் சம்பந்தம் வேண்டாமெண்டு நான் சொன்னால் அந்த மனுசன் கேக்குமோ? மாப்பிளை பகுதி தாங்களா எழும்பிப் போனால் அவர் ஆரோடை சண்டை பிடிக்கிறது?”

றோஸ்மலர் பெட்டியை மூடி மகளின் கையில் வைத்தாள்.

“இதைப் பார்க்கிங்குக்குக் கொண்டுபோய்க் குடு. அந்தப் பெடியன் என்னத்தைச் சாப்பிடுறானோ தெரியாது.”

பியானோச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று ஒருமுறை காதைக் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“எனக்கு ஒண்டு மட்டும் சொல்லு. அவனோடை இருக்கேக்கை உனக்குச் சிரிப்பு வருதோ?”