டேனரிக் கிணறு

பூவரசன் நீச்சல் அணிப் படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரு சாவு போதும் மேடம். இவளையும் தண்ணிக்குக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல."

வேலூர் கல்லூரியிலிருந்து வந்திருந்த நீச்சல் பயிற்சியாளர் ஹேமலதா சுவரைப் பார்த்தார். மாலை போட்ட கல்யாணப் படத்தில் ஜோதி சிரித்துக்கொண்டிருந்தாள். பூவரசனின் மனைவி, அணியில் சேரவிருக்கும் கவிப்ரியாவின் அக்கா. மருதாணிக்கு மேலே முழங்கை வரை வெள்ளை வெள்ளையாய்த் திட்டுகள்.

"ஒம்போது மாசம் ஆச்சு," என்றாள் பெண்களின் அம்மா அம்சவேணி. "தோல் பதனிடற டேனரியோட கழிவுத் தண்ணி ஊறிப்போன கெணறு மேடம். மாடுகூட வாய் வெக்காது. அங்க எதுக்குப் போனாளோ, கால் வழுக்கிடுச்சு."

"நான் கயிறு எடுத்துனு ஓடறதுக்குள்ள முழுகிட்டா," என்றான் பூவரசன். "கொஞ்சம் நீச்சல் தெரிஞ்சிருந்தாலும் பொழைச்சிருப்பா. போலீஸும் அதான் எழுதினாங்க."

"அப்ப இவ நீந்துறது நல்லதுதானே? போன வாரத் தேர்வுல ரெண்டாவதா வந்திருக்கா. டீம்ல சேர்ந்தா சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் ஃப்ரீ. நாளைக்குக் கடைசி நாள். அம்மா கையெழுத்துப் போட்டாப் போதும்."

அம்சவேணி மருமகனைப் பார்த்தாள். "மாப்ள சொல்றதுதான் மேடம். ஆவணியில இவளையும் அவருக்கே குடுக்கறதா பேசி வெச்சிருக்கோம். வெளிய குடுத்தா எவன் எப்படி வெச்சிக்குவானோ. இவரு தங்கமான மனுஷன்."

"இன்னாடி, மாமன் மேல கோவமா?" பூவரசன் சிரித்தான். "நீ தண்ணி பக்கமே போவ வேணாம். நான் கூடவே இருந்து பாத்துக்கிறேன்."

கவிப்ரியா கதவோடு ஒட்டி நின்றாள். அக்கா செத்த நாளிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. துக்கம் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். போலீஸ் வந்த அன்றும் பெரியவர்களிடம்தான் கேட்டார்கள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஹேமலதா எழுந்தார். கிளம்பும்முன் கவிப்ரியாவின் கையைப் பிடித்தவர், சட்டென்று திருப்பிப் பார்த்தார்.

"என்ன இது, கையெல்லாம்?"

"அது ஷூ கம்பெனிப் பசை மேடம்," அம்மா முந்திக்கொண்டாள். "பெரியவ கையிலயும் இருந்துச்சு. கம்பெனிக்குப் போற பொண்ணுங்க எல்லாத்துக்கும் இப்படித்தான்."

"நான் எப்பம்மா கம்பெனிக்குப் போனேன்?" என்று கேட்டாள் கவிப்ரியா.

அம்மா அவள் கையைத் திரும்பப் பார்த்தாள்.

"கெணத்துத் தண்ணி மேடம்," என்றாள் கவிப்ரியா. "தினமும் அதுல நீந்தினா இப்படி வரும்."

"அந்தக் கெணத்துலயா? நீ ஸ்கூல்ல கத்துக்கிட்டேன்னு இல்ல நெனச்சேன்?"

"எங்க ஸ்கூல்ல பைப்புலயே தண்ணி வராது மேடம்."

பூவரசன் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். யாருக்கும் தெரியாமல் அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. "போதும், உள்ள போ," என்றான் மெதுவாக.

அவள் போகவில்லை.

"அவ்ளோ ஆழத்துல தனியாவா கத்துக்கிட்ட?" ஹேமலதா விடவில்லை. "யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

ஒன்பது மாதத்தில் முதல் தடவையாகக் கவிப்ரியா பூவரசனை நேராகப் பார்த்தாள்.

"எங்க அக்கா, மேடம்."