விரல் பேரம்

இரண்டு விரல். உயிருக்கு விலை அவ்வளவுதான்.

துண்டுக்கு அடியில் டாக்டர் பெரியவரின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் பிடித்திருந்தார். சோப்பு மணக்கும் மெத்தென்ற கை. சந்தையில் இப்படி ஒரு கை துண்டுக்குள் வந்ததே இல்லை.

அவர் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இரண்டு கைகளின் மேல் துண்டைப் போட்டு, விரலைப் பிடித்துக் கேட்பார்கள். விரலைப் பிடித்தே மறுப்பார்கள். சுற்றி நிற்பவன் காதுக்கு ஒன்றும் கிடைக்காது.

இங்கே சுற்றி நிற்பவர் என்று யாருமில்லை. பக்கத்து நாற்காலியில் மனைவி பாவாயி மட்டும்.

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியக் கூடாது.

அதனால்தான் மேசைமேல் துண்டை விரித்தார். "வயித்துப் புத்து எத்தனாவது ஸ்டேஜுன்னு வாயில சொல்ல வேண்டாமுங்க டாக்டரு. விரலப் பிடிச்சுக் காட்டிப்போடுங்க."

ஒன்றிலிருந்து நாலு வரை உண்டு என்று வெளியே வரிசையில் காதில் விழுந்திருந்தது. ஏறினால் நல்லதா, இறங்கினால் நல்லதா என்று கேட்டுக்கொள்ளவில்லை. எண் என்றால் ஏற்றுவதுதான் அவருக்குப் பழக்கம்.

இரண்டு. மனசு விட்டுப்போயிற்று.

"ரெண்டுதானுங்களா? பாத்து, நாலுக்கு வாங்க."

வாய்விட்டுச் சொல்லிவிட்டார். இத்தனை வருஷத் தரகில் துண்டுக்குள் இருந்ததை வெளியே விட்டது இதுதான் முதல் தடவை.

பாவாயி மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். "நாலு வேண்டாங்கய்யா. இங்க நீங்க விக்க வரல, வாங்க வந்திருக்கீங்க. எண்ணு இறங்க இறங்கத்தான் உங்களுக்கு லாபம்."

தரகர் பேரத்தைத் திருப்பினார்.

"அப்ப ஒண்ணுக்கு இறங்குங்க."

"பேசி இறக்க முடியாது. கட்டி இரைப்பைச் சுவத்துல எவ்வளவு ஆழம் போயிருக்கு, பக்கத்து நெறிக்கட்டிக்கு ஏறியிருக்கா, ஈரலுக்குத் தாண்டியிருக்கா, எல்லாம் பாத்துத்தான் இந்த எண்ணு. உங்களுக்கு ஈரலுக்குத் தாண்டலை. மருந்து ஏத்தி, வெட்டி எடுத்துடலாம்."

பல்லைப் பிடித்துப் பார்த்து மாட்டுக்கு வயசு சொல்வதுபோல. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பல் பார்க்காமல் அவரும் விலை பேசியதில்லை.

ஆனால் வெட்டு.

கத்தி என்றால் எழுந்து போய்விடுவதாகத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தார்.

எழவில்லை. துண்டையும் எடுக்கவில்லை.

"இந்த ரெண்டுல வந்து அறுத்துக்கிட்டவங்க, பத்துப் பேர்ல எத்தனை பேருங்க அஞ்சு வருசம் தாண்டுறாங்க?"

டாக்டர் வாயைத் திறந்தார். தரகர் கண்ணால் துண்டைக் காட்டினார்.

ஐந்து விரலையும் ஒரு பிடி. விட்டு, இரண்டு விரலை ஒரு பிடி.

கற்றுக்கொண்டுவிட்டார் மனுஷன். சந்தைக்கு வந்தால் பிழைத்துக்கொள்வார்.

ஏழு.

"நான் இதுல சேத்தியா, மிச்சத்துல சேத்தியா?"

"தெரியாதுங்கய்யா. கூட்டத்துக்குத்தான் கணக்கு சொல்லலாம். ஒத்தை ஆளுக்குச் சொல்ல, மாட்டுக்கு இருக்கற மாதிரி மனுஷனுக்குச் சுழி இல்ல."

நாணயமான பேச்சு. நெற்றியில், முதுகில் மயிர்ச்சுழி சரியில்லை என்று கழித்துக்கட்டிய மாடுகள் எத்தனையோ தொழுவத்தில் கன்று போட்டுப் பால் கறந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். வாங்க வருகிறவனிடம்தான் அதைச் சொன்னதில்லை.

டாக்டர் கையை உருவிக்கொண்டார். துண்டு தொய்ந்தது. தரகரின் கை மட்டும் உள்ளே கிடந்தது.

இன்னொரு கை நுழைந்தது.

மாட்டுத் தும்புக் கயிறு பிடித்துக் காய்த்த கை. தவிட்டு வாசம்.

பாவாயி எதிர்ச் சுவரில் தொங்கிய இரைப்பைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைப் பக்கம் ஒருநாளும் வந்தவளில்லை. இந்தப் பாஷையை எங்கே படித்தாள்?

ஐந்து விரலையும் பிடித்தாள். விட்டாள்.

மறுபடி ஐந்தையும் பிடித்தாள்.

விடவில்லை.

துண்டுக்குள் அவர் லேசாக இழுத்துப் பார்த்தார். பிடி இறுகியது. இறங்குகிற ஆளாகத் தெரியவில்லை.

"எப்பங்க வந்து படுக்கோணும்?" என்று டாக்டரைக் கேட்டார்.

டாக்டர் நாள்காட்டியைப் புரட்டினார்.

டாக்டர் கொடுத்தது பத்துக்கு ஏழு. பாவாயி கேட்பது பத்து.

மூன்று விரல் பாக்கி.